பிரேத் மலபார்

வானிலை நிலையம் எங்கள் ஊரில்தான் இருக்கிறது.
இருந்தும் வாக்குவா மழை
யாரிடமும் சொல்லிவிட்டு வருவதில்லை.

இந்த ஈரத்தில் பூ உலர்த்தி விற்கப்போகிறேன் என்று
சடையன் மண்வெட்டியை எடுத்தபோது
நான் முந்திக்கொண்டேன்.
பன்னிரண்டடிக்குப் பதினெட்டடி,
குறுக்கே ஒரு பச்சை ஹோஸ்.
அந்தப் பக்கம் அவருடைய வாடாமல்லி,
ஊதா ஸ்டாட்டிஸ், தொட்டால் சரசரக்கும் வைக்கோல்பூ.
இந்தப் பக்கம் மணத்தக்காளி, பசலை,
தண்ணீர்க்குழாயடியில் சேம்பு,
மீதி இடமெல்லாம் சிவப்புத் தண்டுக்கீரை.

கீரைக்கு இங்கே பிரேத் என்று பெயர்.
காவடிக்கு வாசிக்கத் தஞ்சாவூரிலிருந்து வந்தவரிடம்
"ராத்திரிக்கு பிரேத் சமைத்திருக்கிறேன்" என்றேன்.
இலையை விட்டு எழுந்தேவிட்டார் மனிதர்.
பிறகு மூன்று முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

தண்டுக்கீரைக்குச் சந்தையில் பிரேத் மலபார்.
மலபார் என்றால் எங்களையும் சொல்வார்கள்,
எங்கள் தெருவையே சொல்வார்கள்,
சொல்லும் குரலைப் பொறுத்து அது வசை.
"மலபார் கட்டு இருபது ரூபாய்!"
நானும் நின்று பேரம் பேசுவேன்:
பதினைந்துக்குத் தருவாயா?

ஸ்வெட்டர் ஆலையில் பதினேழு வருடம் காலர் பொருத்தியவர்.
ஆலை மூடிய பிறகும்
பூவை டஜன் கணக்கில்தான் கட்டினார்.
முழுதாக விரியுமுன் அறுக்க வேண்டும்,
இலையை உருவி, தலைகீழாக, இருட்டில்.
நூல் கூடாதாம். தண்டு காயக் காய இளைக்கும்,
முடிச்சிலிருந்து நழுவிவிடும்.
ரப்பர் பேண்ட் என்றால்
அது இளைக்க இளைக்க இதுவும் இறுகும்.
இதை அவர் என்னைப் பார்க்காமல் சொன்னார்.

இருட்டுக்கு எங்கே போவது?
என் சீருடை அலமாரியில் பாதி போயிற்று.
இரவுப் பணியில், ஊசி போடக் குனிந்தபோது
ஒரு கிழவி முகர்ந்து சொன்னாள்:
"கரும்பு வெட்டிவிட்டு நேரே வந்தாயா பெண்ணே?"

பெப்ரவரியில் மூன்றாம் எச்சரிக்கை.
நான்கு நாள் மருத்துவமனையிலேயே கிடந்தேன்.
அதற்கு முந்திய இரண்டு வாரமும் இரட்டைப் பணி.
வீடு திரும்பினால் கூரை இருந்தது.
முருங்கை பக்கத்து வீட்டு ஜோஸ்லினின் காருக்கு மேல் இருந்தது.
அலமாரியைத் திறந்து வைத்து
அதன் எதிரே அவர் உட்கார்ந்திருந்தார்.
எழுபது கொத்து. எல்லாவற்றிலும் சாம்பல் பூஞ்சை.
கிராண்ட் பே ஓட்டலுக்கு வாக்குக் கொடுத்த எழுபது.

நான் ஒன்றும் சொல்லாமல் கீரைப்பக்கம் போனேன்.
பறிக்க ஆளில்லாத தண்டுக்கீரை
இடுப்புயரம் வளர்ந்து பூத்துத் தொலைத்திருந்தது.
காற்றில் சாய்ந்து, சாய்ந்தபடியே நுனி நிமிர்ந்து,
ஒவ்வொன்றிலும் ஒரு முழம் சிவப்புக் கதிர்.
தண்டு நாராகிவிட்டது, இனிச் சட்டிக்கு ஆகாது.
வேரோடு பிடுங்க ஆரம்பித்தேன்.

"மெதுவாக."
ஹோஸுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தார்.
கையில் ரப்பர் பேண்ட்.
"வரலாமா?"
இரண்டு வருடத்தில் முதல் முறை கேட்கிறார்.
முன்பெல்லாம் கேட்கவும் இல்லை, வரவும் இல்லை.

ஃப்ரிட்ஜின் முதுகில், இஸ்திரிப் பெட்டி அறையில்,
மின்சாரம் வந்த அன்றிலிருந்து பதினெட்டு நாள்.
சிவப்பு கொஞ்சம் கறுத்தது. போகவில்லை.

ஓட்டல் பெண் என்ன பூ என்று கேட்டாளாம்.
"அமராந்த்" என்றாராம், பிரெஞ்சுக்காரன் மாதிரி.
"பிரேத் மலபார் என்று சொல்வதற்கென்ன?"
"சொன்னால் பதினைந்து ரூபாய்க்குக் கேட்பாள்."

நான் சிரித்தேனா கோபப்பட்டேனா, ஞாபகமில்லை.
பணிக்கு நேரமாகிவிட்டது.

வார்டில் பேனாவுக்காகப் பையில் கைவிட்டால்
நகக்கண்ணெல்லாம் கறுப்பு விதை,
கடுகைவிடப் பொடிசு.
பின்வாசலில் நின்று பையைத் திருப்பி உதறினேன்.

இன்று சாக்கடைச் சிமெண்ட் வெடிப்பில்
இரண்டிரண்டு இலையாக, சிவப்பாக.
பெருக்குகிறவன் சுற்றிப் பெருக்கியிருக்கிறான்.
இன்னும் பறிக்கும் அளவு ஆகவில்லை.